அப்பாவுக்கு வந்த கட்டில்

என் அப்பாவை நான் படுத்த படுக்கையாக்கியது ஒரு சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு. வாயால்தான். அந்த நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டு மரியா அக்காவிடம், தனக்கு இன்னும் பசியாறக் கொடுக்கவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். (காலையில் இரண்டு தடவை பசியாறியிருந்தார். இரண்டாவது தடவை சாப்பிட்டது என்னுடையது.)

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் வேலை. கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டிய அப்பா, அம்மா இறந்த பிறகு என்னோடு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி பிரான்சிஸ் ஜொகூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்து, "அப்பாவ நல்லாப் பாத்துக்கக்கா" என்பான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும் பாருங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். "கேட்டப் பூட்டிட்டியா?" என்று கேட்பார். பூட்டிவிட்டேன் என்பேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கேட்பார். ஒரு நாள், எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, நான் கத்திவிட்டேன். கையிலிருந்த மைலோ மக்கைச் சுவரில் அடித்தேன். அப்பா இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம்தான் மாதா கோயிலில் அறிவித்தார்கள். வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓர் ஆதரவுக் குழு, சனிக்கிழமைகளில், கோயில் மண்டபத்தில், எந்த மதத்தவரும் வரலாம் என்று. ஆதரவு என்றால் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்துப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார வைத்தார்கள்.

குழுவை நடத்தியவர் ரெஜினா அக்கா. ஓய்வு பெற்ற மிஸ்ஸி. முப்பத்தைந்து வருஷம் நோயாளிகளுக்கு ஊசி போட்டவர் என்பதால் யாரும் அவர் பேச்சைத் தட்டுவதில்லை. ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். ஒரு பெண், மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவதாகச் சொன்னாள். அடுத்து கோபால் அண்ணன். அறுபது வயது இருக்கும். மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்த மனைவி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சனிக்கிழமை வந்தா வீட்ல இருக்க முடியல. அதான் இன்னும் வர்றேன்" என்றார்.

அடுத்தது நான்.

கேட்டைப் பூட்டினாயா என்று அப்பா கேட்கிறார். இதை அந்த வட்டத்தில் எப்படிச் சொல்வது? உண்மையில் நான் சொல்ல வந்தது மக்கைப் பற்றி. வாயில் வந்தது வேறு. "எங்க அப்பா எந்திரிக்க மாட்டாரு. பேச மாட்டாரு. எல்லாமே படுக்கையிலதான்" என்றேன். சொன்ன கையோடு அழுகை வந்துவிட்டது. சொன்னது பொய், அழுதது நிஜம். ரெஜினா அக்கா முதுகைத் தடவி, தின்ன இரண்டு கறிபாப் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் யாரும் இரக்கம் காட்டி ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டாம் வாரம் அப்பாவுக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு போயிற்று. மூன்றாம் வாரம் முதுகில் புண். புண்ணுக்கு என்ன போடுகிறாய் என்று ரெஜினா அக்கா கேட்டார். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"மஞ்சள்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். (முதுகு வரைக்கும் பொய் சொன்னவளுக்கு ஒரு களிம்பு பெயர் வாயில் வரவில்லை.) வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார். வேண்டாம் அக்கா, அப்பா யாரையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் லோரி சத்தம். கூடவே அப்பாவின் குரல், பல வருஷமாக நான் கேட்காத கம்பீரத்தோடு.

"கோஸ்தான்... கோஸ்தான்... இடது பக்கம் ஒடி தம்பி... போதும், போதும்."

கை கழுவாமல் முன்னால் ஓடினேன். அப்பா சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சின்ன லோரியை எங்கள் வாசலுக்குப் பின்பக்கமாக வர வைத்துக்கொண்டிருந்தார். ஓட்டி வந்தவர் கோபால் அண்ணன். பக்கத்தில் மருந்துப் பெட்டியோடு ரெஜினா அக்கா. லோரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்.

"யாருக்குத் தம்பி கட்டில்?" என்றார் அப்பா.

"இந்த வீட்டுப் பெரியவருக்குங்கய்யா. எந்திரிக்க முடியாமப் படுத்திருக்காராம்."

"அடப் பாவமே" என்றார் அப்பா. "எம்மக ஸ்டெல்லா ஒண்ணும் சொல்லலையே."

அவர்களோடு சேர்ந்து ஒரு முனையைப் பிடித்துக் கட்டிலை உள்ளே தூக்கி வந்தார். எழுபத்தெட்டு வயது. நான் கதவோரம் மீன் வாடையோடு நின்றேன். அப்பா முன்னால் போய், அந்தப் பாவப்பட்ட மனுஷரை ஒவ்வோர் அறையாகத் தேடினார். என் அறையைத் திறந்தார், தன் அறையைத் திறந்தார், குளியலறையையும் விடவில்லை. திரும்பி வந்து தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ஆளக் காணோம். போயிட்டாரு போலிருக்கு" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ரெஜினா அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, இவருதான் உங்கப்பாவா?"

தலையாட்டினேன்.

கோபால் அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். "ரெண்டு மாசமா இதை நான் யாரையும் தொட விடல" என்றார். "நேத்து நீ சொன்னதக் கேட்டுட்டுத்தான் கழட்டினேன். மெத்தைய வெயில்ல போட்டேன். ரூமக் கழுவி விட்டுட்டேன். இப்ப திரும்பக் கொண்டு போய் எங்க போடறது?"

அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஸ்பானரை எடுத்துக் குனிந்து கட்டிலின் கால்களை முடுக்க ஆரம்பித்தார். அப்பா பக்கத்தில் போய் நின்று, "தம்பி, கேட்டப் பூட்டியாச்சா?" என்றார். "பூட்டிட்டேங்கய்யா" என்றார் கோபால் அண்ணன். வேலை முடிவதற்குள் ஆறு தடவை கேட்டார். ஆறு தடவையும் அதே பதில், அதே குரலில். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும் லோரியில் ஏறிப் போய்விட்டார்.

ரெஜினா அக்கா பின்பக்கம், குசினிக்கு வந்தார். அங்கேதான் மக்கைப் பற்றிச் சொன்னேன். மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இதச் சொல்றதுக்கா மூணு வாரம் எடுத்துக்கிட்ட?" என்றார். "நான் எங்கம்மாவ அறைஞ்சிருக்கேன். மிஸ்ஸி நான். அங்க உக்காந்திருக்கிற எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு. யாரும் சொல்ல மாட்டோம். அதான் கறிபாப் தின்னுட்டு வீட்டுக்குப் போறோம்."

நான் மறுபடியும் குழுவுக்குப் போக ஒரு மாதமானது. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கோபால் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலையும்போது அருகில் வந்து, "அப்பா எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார். கட்டிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கட்டில் எங்கள் ஹாலிலேயே கிடந்தது. அப்பா யாரையும் அதில் உட்கார விடவில்லை. அது வேறு ஒருவருடையது, பாவம், சீக்காளி என்பார். பத்து மாதம் கழித்து அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் கட்டிலுக்குத்தான் வந்தார். என் வாயால் வந்தது என்று நான் நினைத்தேன். (இன்றைக்கும் பாதி நினைக்கிறேன்.) ஏழு வாரம் கிடந்தார். முதுகில் புண் வந்தபோது ரெஜினா அக்கா நாள் தவறாமல் வந்து கட்டுப் போட்டார். முதல் நாள் கையுறையை மாட்டிக்கொண்டே, "மஞ்சள் தீந்து போச்சா?" என்று சிரிக்காமல் கேட்டார். அந்த ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசி நாட்களில் அப்பா என் கையைப் பிடித்து, "அந்த மனுஷன் வந்தா சொல்லு, எந்திரிச்சுக் குடுத்துடணும்" என்பார். வந்தால் சொல்கிறேன் என்பேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது தலைவலி, வயிற்றுவலி என்று படுத்தால், "கட்டில் அனுப்பவா?" என்பதுதான் விசாரிப்பு. கல்யாண வீடுகளில் பிரான்சிஸ் எழுந்து நின்று, அப்பா லோரிக்குக் கோஸ்தான் சொன்னதை நடித்தே காட்டுவான். நேரில் பார்த்தவன் மாதிரி. நல்லாவும் செய்வான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும்தான்.

போன மாதம் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பிரான்சிஸிடமிருந்து போன் வந்தது.

"என்னக்கா, கட்டில் அனுப்பவா?"

"அனுப்பு" என்றேன். "தூக்கறதுக்கு நீயும் வா."

சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "லீவு கிடைக்குதான்னு பாக்கறேன்கா" என்றான்.