சூடைமீன் முள்

இழுக்க இழுக்க அது மேலே ஏறிக்கொண்டுதான் போனது.

சுல்பா குளியலறைச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். வால் போன்ற அந்த நுனி விரலில் தட்டுப்பட்டது, வழுக்கியது, பிறகு அதுவும் அகப்படவில்லை. முற்றத்தில் மாமனார் முத்தலிபு வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மாமியார் உம்மு குல்சூம் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்றுதான். அதற்குள் புகுந்து அவள் நெடுநேரமாகிவிட்டது.

கனமூலையிலிருந்து மாம்புரிக்கு மருமகளாக வந்து இன்னும் ஒரு பெருநாள்கூடக் கழியவில்லை. புருசன் முஹ்ஸின் நல்லவன்; நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை. மாமனார் வாய் ஓயாத மனிதர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். மாமியார்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. உம்மு குல்சூம் அதிகம் கதைக்க மாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வை திட்டுகிறதா, சாப்பிட்டாயா என்று கேட்கிறதா என்று சுல்பாவுக்கு இதுவரை விளங்கவில்லை.

எல்லா வினையும் மணலால் வந்தது. மாதத்தில் தொழுகை இல்லாத நாள்கள் வந்தால், பேட்களைக் கடதாசியில் சுற்றி வேலியோரம் புதைப்பாள். ஆனால் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மாம்புரி மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அந்தியில் புதைத்தது விடியும்போது வெளியே கிடக்கும். போன மாதம் காற்று தோண்டிப் போட்டதை ஒரு நாய் கவ்வி வந்து, முத்தலிபு கூட்டாளிகளோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் போட்டது. உம்மு குல்சூம் விளக்குமாற்றோடு வந்து, நாயையும் அதையும் அப்புறப்படுத்தினார். அன்று முழுக்க சுல்பா யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவளைத் தேற்றியது முஹ்ஸினின் தங்கை நிஃப்லா. புத்தளம் டவுனில் போர்டிங்கில் நின்று படிப்பவள். விடுமுறைக்கு வந்தபோது சின்னத் துணிப்பை ஒன்றை மதினியின் கையில் வைத்தாள். உள்ளே ரப்பர் போல மெத்தென்ற ஒரு கப், அடியில் வால் போல ஒரு நுனி; பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்து உதிரத்தை ஏந்துவது. கொதிநீரில் போட்டு எடு, மடித்து வை, உள்ளே போனதும் தானாக விரியும், காலையும் மாலையும் எடுத்துக் கழுவு, அவ்வளவுதான் என்றாள். புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், வருசக்கணக்காகப் பாவிக்கலாம்.

"போட்டா போட்டதே மறந்து போயிடும், மதினி" என்றாள்.

அது உண்மைதான். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கப்பை அவித்து, சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, நேற்றிரவு போட்டாள். கறை பற்றிய யோசனையே இல்லாமல் பாயில் புரண்டு புரண்டு தூங்கினாள். எடுப்பது எப்படி என்பதைத்தான் நிஃப்லா விரிவாகச் சொல்லியிருக்கவில்லை.

இப்போதோ, இது இப்படியே ஏறி எங்கே போகும்? குடலுக்கா, ஈரலுக்கா? நிஃப்லாவுக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் கை ஈரம்; போன் திரை விரலுக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே மெல்லிய குரலில் பேசி அனுப்பினாள்.

"நிஃப்லா, அது உள்ளுக்குப் போய் மாட்டிட்டு. இழுத்துப் பாத்தன், வருதே இல்ல. மேல மேல போகுது. யாருக்கும் சொல்லவும் ஏலா. மாமிக்குத் தெரிஞ்சா நான் செத்தன். என்ன செய்யிறது, சொல்லு."

அனுப்பிய பிறகுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். நிஃப்லா இல்லை. 'மாம்புரிக் குடும்பம்.' மாமனார், மாமியார், முஹ்ஸின், கத்தாரில் இருக்கும் சின்ன மாமா ஃபைஸல், இன்னும் அவள் முகம் பார்த்திராத ஒன்றிரண்டு சொந்தங்கள்.

உடனே அதை அழித்தாள். திரையிலிருந்து அது மறைந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சுவரில் சாய்ந்தாள். தன் போனிலிருந்து மட்டும் அழித்திருக்கிறாள், மற்றவர்கள் போனில் அது பத்திரமாக இருக்கிறது என்பது, முற்றத்திலிருந்து தன் குரலே கேட்டபோதுதான் தெரிந்தது. இஞ்சின் வள்ளத்தில் போய்ப் போய் முத்தலிபுக்குக் காது மந்தம். போனை எப்போதும் உச்சச் சத்தத்தில்தான் வைத்திருப்பார். "மேல மேல போகுது" என்று சுல்பாவின் குரல் தென்னைகளுக்கு மேலால் போனது.

"என்ன இது? புள்ளைக்கு என்ன மாட்டினது?" என்று முத்தலிபு கேட்டார்.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. சுல்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முள்ளு" என்றார் உம்மு குல்சூம். "தொண்டையில முள்ளு மாட்டியிரிக்கி."

"மாமிக்குத் தெரிஞ்சா செத்தன் எண்டு சொல்றாளே."

"உங்களுக்கெண்டு பொத்தி வச்ச சூடைப் பொரியலத் திண்டிரிக்கா. பயப்பிடாம என்ன செய்யிறது?"

முத்தலிபு ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்தார். தட்டில் ஒரு மீனும் இல்லை. சுல்பா சூடைமீனைக் கண்ணாலும் பார்க்கவில்லை, பூனைதான் தின்றிருக்கவேண்டும். ஆனாலும் கதவுக்குப் பின்னால் நின்றபடி அந்தப் பூனைக்கு மனதால் நன்றி சொன்னாள். மீன் திருடி என்ற பெயர், மற்றதைவிட எவ்வளவோ மேல். கதவைத் திறந்துகொண்டு, தொண்டையில் கை வைத்தபடி வெளியே வந்தாள்.

அதுதான் அவள் செய்த அடுத்த பிழை.

முத்தலிபு மீன் போனதற்குக் கவலைப்படவில்லை. முள்ளுக்குத்தான் கவலைப்பட்டார். அவளைக் கதிரையில் இருத்தி, டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். தெரிகிறது, வெள்ளையாக நிற்கிறது என்றார். நீங்கள் கண்டது அவளுடைய கடைவாய்ப் பல் என்று உம்மு குல்சூம் சொன்னார். ஃபைஸல் கத்தாரிலிருந்து வினாகிரி குடிக்கச் சொல்லிக் குரல் அனுப்பினார். முகம் தெரியாத ஒரு சாச்சி, முள் விலக ஓதவேண்டியதை எழுதி அனுப்பினார். முஹ்ஸின் வேலையிலிருந்து லீவு கேட்டுப் புறப்பட்டுவிட்டான் என்று செய்தி வந்தது.

உம்மு குல்சூம் வெறும் சோற்றை உருட்டி மருமகளின் வாயில் வைத்தார். மெல்லாமல் விழுங்கச் சொன்னார். ஓர் உருண்டை, இன்னொன்று, பிறகு வாழைப்பழம். சுல்பா கண்ணில் நீர் வர விழுங்கினாள். முள் போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் போய்விட்டதென்றால் எல்லாரும் கலைந்து போவார்கள், அவள் மறுபடியும் அதனோடு தனியாக நிற்பாள். அந்தப் பயத்தில், "இன்னும் இரிக்கி" என்றாள். முத்தலிபு இன்னொரு சீப்பு வாழைப்பழம் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் வெளியே போனதும் மாமியார் அவள் பக்கம் குனிந்தார்.

"கைய சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவு. உள்ளுக்குப் போய்க் குந்தியிரு. அவசரப்படாத. மெல்ல முக்கி முக்கி இருமு. பதறினா இன்னும் மேல ஏறும்."

தொண்டை முள்ளுக்கு இப்படி ஒரு வைத்தியத்தைச் சுல்பா கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கனமூலையில் ஒன்று, மாம்புரியில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனாள். குந்தினாள். கொஞ்சம் இறங்குவது போல இருந்தது. அதற்குள் முத்தலிபு திரும்பி வந்துவிட்டார். வந்துவிட்டதா என்று கதவடியில் நின்று கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மீண்டும் கேட்டார். அதற்குப் பின் முஹ்ஸினின் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. இப்போது கதவடியில் இரண்டு பேர். ஒரு மனிசி எப்படி இறுக்கத்தை விடுவாள்? எல்லாம் மறுபடியும் மேலே ஏறிக்கொண்டது.

வெளியே வந்தபோது முஹ்ஸின் வெளிறிப்போய் நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆறு மாதக் குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்து, மூச்சு விட முடிகிறதா என்று மெல்லக் கேட்டான். அந்த முகத்தைக் கண்டதும் சுல்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைக் கண்டதும், முள் குத்திவிட்டதென்று வீடு முழுவதும் முடிவு செய்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார் முத்தலிபு. அயல்வீட்டு உசனாரின் த்ரீவீல் ஓட்டோ வாசலுக்கு வந்தது.

"நான் கூட்டிப் போறன்" என்று உம்மு குல்சூம் அபாயாவைப் போட்டுக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் பின்னால வாங்க."

வழி நெடுக சுல்பா தொண்டையைப் பிடித்தபடி வந்தாள். டொக்டரிடம் என்ன சொல்வது? வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வார். எக்ஸ்ரே எடுப்பார்களோ? எடுத்தால் அது தெரியுமோ? முஹ்ஸினின் முன்னால் வைத்துச் சொல்வார்களோ? மாமியாரின் கை தன் முழங்காலின் மேல் இருந்ததை அவள் பாதி வழியில்தான் கவனித்தாள். அது எப்போது வந்து உட்கார்ந்ததென்று தெரியவில்லை. கடல் காற்றில் மாமியாரின் முக்காட்டு நுனி அவள் கன்னத்தில் வந்து வந்து பட்டது. உம்மு குல்சூம் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. உம்மு குல்சூம் அதைப் பார்த்துவிட்டு, அவளை ஒரு மர வாங்கில் இருத்தி, தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நர்ஸ் மிஸ்ஸியோடு ஏதோ பேசினார். திரும்பி வந்து, வரிசையில் நின்றால் பொழுது போய்விடும், அனஸ்தாசியா மிஸ்ஸி தனக்குத் தெரிந்தவர், அவரே பார்ப்பார் என்றார். அது தாய்மார் கிளினிக் நடக்கும் அறை. முள்ளுக்கு ஏன் அங்கே என்று முஹ்ஸின் கேட்டதற்கு, ஆம்பிளைகளுக்கு அங்கே இடமில்லை, நீ வெளியே நில் என்று மட்டும் பதில் வந்தது.

அறைக்குள் கதவு சாத்தியதும் சுல்பா உடைந்துபோனாள்.

"மிஸ்ஸி, முள்ளு இல்ல. தொண்டையில ஒண்டும் இல்ல." கப், வால், குடும்பக் குழு, சோற்றுருண்டை எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னாள். அனஸ்தாசியா மிஸ்ஸி ஐம்பது தாண்டியவர், தடித்த கண்ணாடி. சிரிக்கவும் இல்லை, திகைக்கவும் இல்லை. எப்போது போட்டது என்று மட்டும் கேட்டார்.

"நேத்து ராத்திரி."

"அப்ப அவசரமில்ல. பயப்பிடாதயும், அது எங்கயும் போகாது. மேல வாசல் அடைச்சுத்தான் இருக்கு."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே காற்றில்லாமல் இறுகிப்போயிருக்கும். இழுத்தால் இன்னும் இறுகும். குந்தியிருந்து, மூச்சை விட்டு, மெல்ல முக்கினால் அது கீழே இறங்கும். அடிப்பாகம் அகப்பட்டதும் இரண்டு விரலால் அமுக்கினால் காற்றுப் புகும், பிடி விட்டுவிடும். பிறகு ஒரு பக்கமாகச் சரித்து எடுத்தால் சரி.

திரைக்குப் பின்னால் சுல்பா குந்தினாள். மிஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தபடி, தன் வீட்டு ஆட்டுக்குட்டி காலையில் செய்த சேட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கதவடியில் நின்று வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. ஆட்டுக்குட்டி பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்குள் புகுந்த இடத்தில், சுல்பாவின் உடம்பு தன்னையறியாமல் இளகியது. அடிப்பாகம் விரலுக்கு வந்தது. அமுக்கினாள். 'ப்சுக்' என்று சின்னச் சத்தம்.

கையில் அது கிடந்தது. இவ்வளவு சின்னச் சாமானா இன்று ஒரு ஊரையே ஆட்டி வைத்தது? கழுவும் தொட்டியில் நின்று அவள் சிரித்தாள். சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். மிஸ்ஸி அதைக் கழுவக் காட்டிக்கொடுத்தார். வால் நீளம் உறுத்தினால் கொஞ்சம் நறுக்கலாம் என்றார். இரண்டு மூன்று மாதம் போனால் கை தானாகப் பழகிவிடும், விட்டுவிடாதே என்றும் சொன்னார்.

கதவுக்குக் கிட்ட வந்தபோது சுல்பா நின்றாள். இடுக்கால் தாழ்வாரம் தெரிந்தது. முத்தலிபு வாழைப்பழப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முஹ்ஸின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். உம்மு குல்சூம் நிமிர்ந்து உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, ஒரு உதவி" என்றாள் சுல்பா. "மாமிக்கு மட்டும் இதச் சொல்லிடாதீங்க. பாவம், என்னை நம்பிச் சோறு உருட்டித் தந்தா. நான் மீன் திருடின மருமகளாவே இரிந்திட்டுப் போறன், அது பரவால்ல. இது தெரிஞ்சா என்னப் பத்தி என்ன நினைப்பாவோ."

அனஸ்தாசியா மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவவுக்கு நான் புதுசாச் சொல்ல என்ன இருக்கு, மகள்? போன வருசம் தன்ட மகள் நிஃப்லாவ இதே அறைக்குக் கூட்டி வரக்குள்ள, தொண்டையில பேரீச்சங்கொட்டை எண்டுதானே வெளிய சொல்லி வச்சவ."