ஒரே முற்றத்தில் ஓர் இடம்

“அப்ப, உங்கட மனிசி இதுக்கு என்ன சொல்றா?” என்று றெஜினோல்ட் மாஸ்டர் கேட்டார்.

கச்சிமுகம்மது இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் எத்தனையோ கேள்விகளுக்கு விடை யோசித்து வைத்திருந்தார். மனைவியைப் பற்றி மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தார். வீடு, காணி என்று ஆம்பிளைகள் கதைக்கும் இடத்தில் பொம்பிளைக்கு என்ன வேலை?

“அவவுக்குக் கொஞ்சம் சுகமில்ல மாஸ்டர். இருமல். கதைக்கவே ஏலாது.”

பொய் இவ்வளவு சுளுவாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். தென்னோலைக் கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. “பாவம்” என்று மட்டும் சொன்னார்.

கச்சிமுகம்மது லேசுப்பட்ட ஆள் இல்லை. நிந்தவூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய வயல்வெளிக்கே வட்டைவிதானை. வாய்க்கால் தண்ணீரை யாருடைய வயலுக்கு எப்போது திறப்பது என்று அவர் ஒரு முறை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்டவர் இன்று கல்முனைக் கடற்கரையோரம் ஒரு கொட்டிலில், வாங்கின் நுனியில், பெண் பார்க்க வந்தவர்கள் முன் இருத்திவைத்த குமரைப் போலக் குந்தியிருந்தார்.

காரணம் மகள் நதீராவின் கல்யாணம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் காவின் எழுதி நிக்காஹ். அந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு உம்மாவும் வாப்பாவும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். கச்சிமுகம்மதுவும் அப்படித்தான் சரீபாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அன்றைக்கு அவருடைய மாமனார் பின்வளவுச் சமையலறையான குசினிக்குக் குடிபோனார். அதன்பிறகு அந்த மனிதர் தும்முவதென்றாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் தும்மினார். மருமகன் சாப்பிட்டு எழும்பும்வரை முன்பக்கம் தலைகாட்டமாட்டார். இளவயதில் கச்சிமுகம்மதுவுக்கு அது தனக்குக் கிடைத்த மரியாதையாகப் பட்டது. இப்போது தன் முறை வந்தது. அந்தக் குசினி இருட்டுக்குள் தன்னையும் சரீபாவையும் நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் சலூனில் முடிவெட்டும்போது அந்தச் செய்தி காதில் விழுந்தது. சூறாவளியில் கூரை பறந்த சில குடும்பங்கள், முஸ்லிம்களும் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுமாக, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்க் கிடந்து ஒரே பானையில் ஆக்கித் தின்றிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு தனித்தனி வேலிக்குள் திரும்பிப்போக அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு காணியில் வீடுகள் தனித்தனி, முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, பெரிய குசினி ஒன்று என்று கட்டத் தொடங்கிவிட்டார்கள். அத்திவாரம் போட்டாயிற்று. சூறாவளி நாட்களில் கச்சிமுகம்மது வயல்வாடிக் குடிசையில் வெள்ளத்துக்கு நடுவே அகப்பட்டுக் கிடந்தார். வீடு வந்து சேர்ந்து, மனைவியும் மகளும் சுகமாக இருப்பதைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அந்த நாட்களில் அவர்கள் எங்கே தங்கினார்கள் என்றுகூட விசாரிக்கவில்லை.

சேர்வதற்குச் சட்டம் ஒன்றுதான். கொஞ்சக் காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூடி வேலை செய்து, கூடிச் சாப்பிட வேண்டும். பிறகு எல்லாரும் ஓம் என்றால் சரி.

இதையெல்லாம் அவர் சரீபாவிடம் மூச்சுவிடவில்லை. சரீபா நல்லவள்தான். ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் இன்னொன்றைச் சொல்லத் தெரியாதவள். பேச்சுக்கால் பேச வந்த சம்பந்தியிடமே, “உங்கட மகன் ஒண்டும் கதைக்காம இரிக்காரே, வெக்கமா, இல்லாட்டி விசயமே இவ்வளவுதானா?” என்று கேட்டவள். அவளை இங்கே கூட்டி வந்தால் வந்த அன்றைக்கே காரியம் கெட்டுவிடும். இடத்தை முதலில் பிடித்துக்கொள்வோம், பிறகு சொல்வோம் என்பது அவர் திட்டம்.

அடுத்த ஞாயிறு, அந்தக் குடியிருப்பின் தலைவர் கலந்தர் ஹாஜியார் கவலையோடு வந்தார்.

“இருமலச் சும்மா விடப்படாது விதானையார். ஒரே கிணறு, ஒரே குசினி. கசநோய் கிசநோயா இருந்தா எல்லாருக்கும் கஸ்டம். நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போவம்.”

“இருமல் மாறிட்டு ஹாஜியார்.”

“ஒரு கிழமைக்குள்ளயா?”

“ஓம். ஆனா ஆள் சரியான கூச்சம். வேத்தாக்களுக்கு முன்னால வாயே துறக்கமாட்டா.”

மறைப்புக்குப் பின்னால் ஒருத்திக்குப் புரையேறியது. முதுகில் தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

“வாய் துறக்காத ஆளா?” என்று அங்கிருந்து மூத்தவள் ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது. “அப்பிடியெண்டா நாங்களே வந்து பழகுறம் தம்பி. நாளைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு வாறம்.”

கச்சிமுகம்மது அவசரமாகக் குறுக்கிட்டார். “நாளைக்கா? நாளைக்கு அவ மருதமுனைக்குப் போறா. தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு.”

றெஜினோல்ட் மாஸ்டர் மருதமுனையில் நெடுங்காலம் படிப்பித்தவர். “ஆரு, சுபைறாவுக்கா? அவட பேரப்பிள்ளையே பள்ளிக்கூடம் போகுதே.”

“தங்கச்சிட மகளுக்கு.”

“அவவுக்கு ரெண்டும் ஆம்பிளப் பிள்ளையள் தானே?”

“மருமகளுக்கு” என்றார் கச்சிமுகம்மது. இதற்கு மேல் யாரையும் பெற வைக்க அவரிடம் ஆள் இருக்கவில்லை.

மாஸ்டரின் மனைவி றோசா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். கூட்டத்தில் அவள் பேசுவது குறைவு. “சீனி போதுமா நானா?” என்று வழக்கத்தைவிடப் பணிவாகக் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். “அப்ப மனிசி வந்து சேருமட்டும் உங்கட முறைச் சாப்பாட்ட நீங்கதான் ஆக்கோணும். இஞ்ச ஆம்பிளையும் ஆக்குறதுதான்.”

வட்டைவிதானை தன் ஆயுளில் ஒரு பீங்கானைக் கழுவியவர் இல்லை. வீடு திரும்பும் வழியில் யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டார்.

“புள்ள, பள்ளியில கந்தூரி. சோறும் ஆணமும் ஆக்கித் தா.”

“எத்தின பேருக்கு?” என்றாள் சரீபா.

“முப்பது பேருக்கு.”

“ஒரு பள்ளிக் கந்தூரிக்கு முப்பது பேரா?”

“சின்னக் கந்தூரி.”

சரீபா அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காததை அவர் தன் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிறன்று கச்சிமுகம்மது மாட்டுவண்டியில் சோற்றுக் கிடாரத்தோடு வந்து இறங்கினார். “விடியக்காலமே எழும்பி நானே ஆக்கினது” என்றார். எல்லாரும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சை மறந்து சாப்பிட்டார்கள்.

“தம்பி,” என்றாள் மறைப்புக்குள்ளிருந்து ஆயிஷா உம்மா, “இந்தக் கத்தரிக்கா ஆணத்துக்கு என்னெல்லாம் போட்டீங்க?”

“எல்லாம் போட்டன்.”

“எல்லாம் எண்டா?”

“உப்பு” என்றார். அது போதாது என்று தோன்றியது. “கத்தரிக்காயும்.”

அசர் பாங்கு சொல்லும்வரை பெண்கள் சிரித்து ஓயவில்லை. சாப்பாடு அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று ஹாஜியார் விளக்கம் சொன்னார். அதனால் வீடுகளுக்கு நிலை வைக்கும் நாளன்று விதானையாரே, இந்தப் பெரிய குசினியில், எல்லாரும் பார்த்திருக்க ஆக்க வேண்டும். அவரைச் சேர்ப்பதா இல்லையா என்று அன்றைக்கே தீர்மானிப்பார்கள்.

அந்த நாளும் வந்தது. முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கச்சிமுகம்மது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் குந்தினார். தேங்காய்ப் பொச்சு மட்டை புகைந்ததே தவிரப் பற்றவில்லை. ஊதினார். புகை முழுவதும் அவர் முகத்துக்கே வந்தது. கண்ணில் நீர் வடிந்தது. பக்கத்தில் அரிசி அரிக்காமல் கிடந்தது. கத்தரிக்காயைக் கையில் எடுத்தார். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று தெரியவில்லை.

தன் கையால் ஒரு நாளும் செய்யாத இந்த வேலையைச் சரீபா எத்தனை வருசமாகச் செய்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் நிற்பதைவிட அந்த நினைப்புத்தான் அதிகம் வெட்கமாக இருந்தது. கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

“ஹாஜியார், நான் சொன்னதெல்லாம் பொய். சரீபாவுக்கு இருமலும் இல்ல, கூச்சமும் இல்ல. மருதமுனையில ஒருத்தரும் பெறவும் இல்ல. அண்டைக்கு ஆக்கினதும் அவதான். அவட வாய்க்குப் பயந்து இத நான் அவக்கிட்டச் சொல்லவே இல்ல.”

புகையில் எரிந்த கண்ணைச் சாரன் நுனியால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“அவட உம்மா வாப்பாவக் குசினிக்குள்ள இருத்தினவன் நான். ஒரு நாளாவது வந்து எங்களோட சாப்பிடுங்க எண்டு கூப்பிட்டதில்ல. இப்ப அவவையும் அங்க கொண்டுபோய் இருத்த எனக்கு மனமில்ல. அதுக்காகத்தான் இவ்வளவு பொய்யும். என்னச் சேர்க்க வேணாம். நான் எங்கயாவது வயல்வாடியில கிடந்துக்குவன். அவவ ஒருக்கா வரச் சொல்லிப் பாருங்க. பிடிச்சா அவவுக்கு மட்டும் ஒரு வீடு குடுங்க.”

ஹாஜியார் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கிடுகு மறைப்பைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்த முறை சிரிப்பு வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

றோசா வந்து அடுப்பின் முன் குந்தி, மட்டையைப் புரட்டி வைத்து ஒரே ஊதில் பற்றவைத்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“சரீபா ராத்தாவ நாங்க என்ன நானா சேர்க்கிற? பள்ளிக்கூடத்தில ஒரே பானையில ஆக்குவம் எண்டு தொடங்கினதே அவதான், இஞ்ச முதல் வீடும் அவடதான். நாங்க இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தது, அவவோட உங்களையும் உள்ளுக்கு விடுறதா எண்டுதான்.”