மொட்டைக் கிடா சிலுப்பாத காரணம்

பொங்கலூர்,
20.12.2005

மதிப்பிற்குரிய சம்பந்தி ஈஸ்வரமூர்த்தி அவர்கள் சமூகத்துக்கு,

பொங்கலூர்த் தோட்டத்திலிருந்து சிவசுப்பிரமணியம் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும், மனைவி அமராவதியும், மகள் சித்ரகலாவும், மொட்டையடித்த ஆடுகளும் உங்கள் புண்ணியத்தில் சுகம். வெள்ளகோவிலில் தாங்களும் மாப்பிள்ளை அருள்செல்வனும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். கல்யாணத் தேதி குறிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆடு தெறிக்கவிட்ட தண்ணீரில் நனைந்த உங்கள் வேட்டி கறையில்லாமல் வெளுத்துவிட்டதா என்று அமராவதி கேட்கச் சொன்னாள்.

நிற்க. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கருப்பராயன் கோயிலில், நீங்கள் நேர்ந்துவிட்ட கிடா மஞ்சள் தண்ணீர் தெளித்தும் உடம்பைச் சிலுப்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, "சாமி உத்தரவு குடுக்கலீங்க, கல்யாணத்த நிறுத்திக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றிலிருந்து சித்ரகலா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை, ஆட்டோடுதான் பேசுகிறாள். சாமி பேரிலும் தப்பில்லை, என் பெண் பேரிலும் தப்பில்லை. தப்பெல்லாம் முடியின் பேரில்தான். அதை விளக்கவே இக்கடிதம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையரானவன் என்பது தாங்கள் அறிந்ததே. தோட்டத்தில் ஆடு வாங்கிவிட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊரெல்லாம் நூலை விலைக்கு வாங்கிப் பனியன் போடுகிறான், நாம் ஆட்டிலிருந்தே கம்பளி எடுத்து ஸ்வெட்டர் போட்டால் என்ன? அமராவதி, "ஏனுங்க, நம்மூரு செம்மறிக்கு இருக்கறது வெறும் முடிங்க, கம்பளி குளிர் தேசத்து ஆட்டுக்குத்தானுங்க" என்றாள். பெண்பிள்ளைக்கு டெக்ஸ்டைல் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் முத்தாயியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வந்து, பிசிறு வெட்டும் கத்தரியையே கையில் கொடுத்தேன். முத்தாயி, "சார், இது துணியாட்ட சும்மா படுத்திருக்க மாட்டீங்குதுங்க, ஒதைக்குதுங்க" என்று அழுதாள். எங்கெங்கே முடி விட்டுப்போனதோ அங்கெல்லாம் செக்கிங்கில் குறையுள்ள இடத்தில் ஒட்டுவது போல அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு ஆட்டுக்கு ஒட்ட ஒட்ட, பின்னால் நின்ற ஆடு அதைத் தின்றுகொண்டே வந்தது. துணி வாங்கும் எந்தப் பையரும் எனக்கு இந்தக் கஷ்டம் கொடுத்ததில்லைங்க. நீங்கள் எங்கள் தோட்டத்தில் மேய விட்டிருந்த நேர்ச்சைக் கிடாவையும் விடவில்லை. ஆனால் பயபக்தியோடு அதன் கழுத்து மஞ்சள் துணியை அவிழ்த்து வைத்து, எல்லாம் முடிந்தபின் மறக்காமல் திரும்பக் கட்டினேன்.

வெட்டிய முடியை மூட்டை கட்டிக் காதர்பேட்டை பனியன் சந்தைக்கு எடுத்துப்போனேன். ஒரு வடநாட்டு வியாபாரி ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்து, கடை அதிரத் தும்மி, "எந்த சலூன் சார்?" என்று கேட்டார். அந்த மூட்டை இப்போது நான் தலைக்கு வைத்துப் படுக்கும் தலையணை. ராத்திரியெல்லாம் அரிப்பு. இங்கே கார்த்திகைக் குளிரில் ஆடெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கம்பெனியில் ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட்டுகளை வாங்கி மாட்டிவிட்டேன். ஆட்டுக்கு முன்கால்தானே கை, அளவு கச்சிதம். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சோற்றுக்கு உட்கார்ந்தீர்களே, அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேனுங்க. கறிக்குழம்பை ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கி, "இப்படியொரு கறி தின்னதில்லீங்க" என்று சொன்னதையும் மறக்க மாட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேனுங்க. முடி இருந்தாத்தானே தண்ணி நிக்கும்? தண்ணி நின்னாத்தானே ஆடு சிலுப்பும்? மொட்டை மேல ஊத்துனது வழுக்கிக்கிட்டுக் கீழ போயிருச்சுங்க. பூசாரி குடம் குடமா ஊத்தறார், அது பாட்டுக்கு என்னையப் பார்த்து அசை போடுது. அவசரத்துல, இப்படித்தான் கண்ணுன்னு நானே அது முன்னால நின்னு உடம்பைச் சிலுப்பிக் காட்டினேன். அதுக்கு உங்க மச்சான் குமாரவேல், "உத்தரவு பொண்ணோட அப்பனுக்குக் கெடச்சுருச்சு, அவரையே வெட்டிருங்க" அப்படீன்னு பத்துப் பேர் முன்னால சொன்னது எனக்கு மனவருத்தமுங்க. இருந்தாலும் என் பொண்ணு மொகத்துக்காகப் பொறுத்துக்கறேன். முடி மொளைக்கிற வரைக்கும் தவணை குடுங்க. தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டிருக்கேன். முடி வந்ததும் அதே கெடாவைக் கூட்டியாறேன், அது சிலுப்பலீன்னா அப்புறம் நீங்க சொல்றதுக்கு நான் கட்டுப்படறேனுங்க.

கருப்பராயன் நம் இரு குடும்பத்தையும் கண் திறந்து பார்க்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. குமாரவேலுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
சிவசுப்பிரமணியம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அமராவதி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங்க, சம்பந்தி விட்டுட்டுப் போனது வலது காது அறுந்த கெடாவாச்சே? கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு ரெண்டு காதும் இருக்குதே?" என்றாள். போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மொட்டையடித்தபின் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் மஞ்சள் துணியை வேறு கிடாவுக்குக் கட்டியிருக்கிறேன். சம்பந்தி வருகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை வெட்டியதுதான் காதறுந்தது. கறி போட வந்த கன்னையன் அதைத் தொட்டியடியில் நிறுத்திக் குளிப்பாட்டும்போது, மொட்டையாக இருந்தும் தலையிலிருந்து வால் வரை சிலுப்பித்தான் உங்கள் வேட்டியை நனைத்திருக்கிறது. ஆக, உத்தரவு அன்றைக்கே உங்கள் மேலேயே கிடைத்துவிட்டது. சாமிக்கு நேர்ந்ததை, சாமிக்கு முந்தி நீங்கள் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட விஷயத்தை நான் யாரிடமும், முக்கியமாகக் குமாரவேலிடம், சொல்வதாக இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துடட்டுங்களா?