ஏலத்துக்கு வந்த பெயர்

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கருவாட்டு வியாபாரத்தை விட்டுட்டு வேற ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கீங்களா?"

பட்டுக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக் போனில் இப்படிக் கேட்டதும், காளியம்மாள் கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டாள்.

"என்ன பாய் பேச்சு இது? காலையிலதானே இருபது பாக்கெட் அனுப்பினேன்?"

"பாக்கெட்டு வந்துச்சுக்கா. அதுல போட்டிருக்கிற இன்டர்நெட் விலாசத்தை எங்க தெரு டீச்சரம்மா திறந்து பார்த்திருக்காங்க. பார்த்த வேகத்துல கடைக்கு வந்து என்னை அடிக்காத குறை. நீங்களே ஒருதரம் பாருங்க. தனியா பாருங்க."

காளியம்மாள் தனியாகத்தான் பார்த்தாள். 'காளியம்மாள் கருவாடு டாட் காம்' பக்கத்தில், முன்பு நெத்திலி காய்ந்த இடத்தில் இப்போது நாலு பெண்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் துணியையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு கைக்குட்டை தேறாது. 'தனிமையா? என்னோடு பேசலாம்' என்று ஒருத்தி கண்ணடித்தாள். அவர்களுக்கு நடுவே கொட்டை எழுத்தில், 'இந்தப் பெயர் ஏலத்துக்கு. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரை' என்றிருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாள். கருவாடு போனால் போகிறது. அவள் கவலை வேறு. மகள் ஆர்த்தியின் ஜாதகத்தோடு போன வாரம்தான் நாகப்பட்டினத்துக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தாள். அதில் 'பெண்ணின் தாயார் தொழில்' என்ற இடத்தில் தன் கையாலேயே, பெருமையாக, அந்த விலாசத்தை எழுதியிருந்தாள்.

பையன் வெற்றிசெல்வன் வங்கியில் வேலை பார்க்கிறான். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஆர்த்தி சும்மா இருக்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். ஆனால் பையனின் தாயார் மங்கையர்க்கரசி பள்ளித் தலைமையாசிரியை. சட்டையின் மேல் பட்டன் போடாத பிள்ளைக்கே பெற்றோரைக் கூப்பிடுகிறவர். இந்த நாலு பேரைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவாரோ!

காளியம்மாள் பயந்து உட்காருகிற பெண் இல்லை. மல்லிப்பட்டினம் துறையில் முப்பது வருஷமாக ஏலத்தில் நின்று மீன் எடுக்கிறவள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, அண்ணன் மகன் தியாகுவின் கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தாள். அந்தப் பக்கத்தை மூன்று வருஷம் முன்னால் செய்து கொடுத்தவன் அவன்தான்.

"தியாகு, என் பேருக்குக் கீழ எவளுவளோ படுத்துக் கெடக்குறாளுவ. யாருடா வெச்சது?"

தியாகு பார்த்தான். காது சிவந்தது. "யாரும் வெக்கல அத்தை. பேருக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும். கட்ட மறந்துட்டோம். இன்டர்நெட்ல பேரு விக்கிறதுக்குன்னே சந்தை இருக்கு. நம்ம பேரு அங்க போயிருச்சு. அந்தச் சந்தைக்காரன் ஓரத்துல விளம்பரம் போட்டுக்குறான்."

"பேரு விக்கிற எடத்துல இவளுவளுக்கு என்ன வேலை?"

"பாக்குறவங்க கண்ணு நிக்கணும்ல அத்தை."

"நிக்குதே! உன் கண்ணுகூட இன்னும் அங்கதான் நிக்குது. மூடு."

தியாகு சந்தைக்காரனுக்குப் புகார் எழுதினான். ஏழு வேலை நாளில் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது.

அன்று சாயங்காலமே நாகப்பட்டினத்திலிருந்து போன்.

"மங்கையர்க்கரசி பேசுறேன். ஆவணியில பொண்ணு பார்க்க வர்றதா சொன்னோம்ல? இந்த ஞாயித்துக்கிழமையே வர்றோம்."

"வாங்க, தாராளமா வாங்க. என்னம்மா திடீர்னு..."

"நேர்ல பேச வேண்டிய விஷயம். போன்ல பேசுற மாதிரி இல்ல." வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் பார்த்துவிட்டார் என்பதில் காளியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. ஜாதகத்தைத் திருப்பி முகத்தில் எறியத்தான் வருகிறார். அவர் வந்து இறங்குவதற்குள் பக்கத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும், 'எந்தப் பக்கம்? காட்டுங்க பார்ப்போம்' என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்க வேண்டும்.

மறுநாள் முதல் வேலையாகக் கடைகளில் கிடந்த பாக்கெட்டுகளில் விலாசத்தை மறைத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வைத்தாள். முந்தின நாள் வரை அந்த விலாசத்தை யாரும் ஒரு பொருட்டாகப் படித்ததில்லை. இப்போது கருவாடு வாங்காதவர்கள்கூட நகத்தால் சுரண்டிப் படித்தார்கள்.

அடுத்து, துறையில் மீன் விற்கும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் குரலை ஏற்றிவிட்டாள். "எங்க கருவாட்டுப் பக்கத்தை யாரும் தொறந்துடாதீங்கடி. முக்கியமா வூட்டு ஆம்பளைங்க கண்ணுல காட்டிடாதீங்க."

அன்று மத்தியானம் புருஷன் முருகையன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏ காளி, துறையில நாப்பது பேரு வந்து 'நாங்க எதையும் பாக்கலண்ணே'ன்னு சொல்லிட்டுப் போறான். நான் யாரையும் ஒண்ணும் கேக்கவே இல்லையே!"

தியாகு போன் செய்தான். "அத்தை, என்ன பண்ணுனீங்க? பக்கத்துல 'ஆயிரத்து நூறு பேர் பார்த்தார்கள், எல்லாரும் தேடும் பெயர்'னு போட்டுட்டான். விலை மூணு மடங்கு ஏறிருச்சு."

"ஏறட்டும். எனக்கு ஏலம் புதுசா? பேரை நானே எடுக்கிறேன். என் போன்ல ஏலம் கேக்க வழி பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தான். காளியம்மாள் உடனே கேட்கவில்லை. ஏலத்தில் அவசரப்படுகிறவன் ஏமாளி. வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும். பத்து மணிக்கு வியாபாரி கெஞ்சுவான், பதினோரு மணிக்குக் காலைப் பிடிப்பான். அந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமை முழுக்கக் காத்திருந்தாள். உச்சி வெயிலில் போனைத் திறந்தால் விலை இன்னும் ஏறியிருந்தது.

"பேரு கெட்டுப்போற சரக்கு இல்ல அத்தை," என்றான் தியாகு.

"இதுக்குமேல என்னடா கெடணும்?"

சனிக்கிழமை கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். துறையில் ஒரு கூடை இறால் கட்டாயம் வேண்டுமென்றால், ஒரே தாவாக விலையை இரட்டிப்பாக்குவாள். எதிராளி வாயைப் பிளந்துகொண்டு ஒதுங்குவான். இங்கேயும் தாவினாள். இரண்டே நிமிஷம். யாரோ ஒருவன் அவளுக்கு மேல் சரியாக நூறு ரூபாய் வைத்தான்.

மறுபடி ஏற்றினாள். மறுபடி ஒரு நூறு. சோறு வடிக்கும்போது ஏற்றினாள். கஞ்சி ஆறுவதற்குள் ஒரு நூறு.

"யாருடி ஆர்த்தி இந்த நூறு ரூபாய்க்காரன்? தூங்கவே மாட்டானா?" என்று பல்லைக் கடித்தாலும், உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் மரியாதையும் வந்தது. "பாவி, ஏலம் தெரிஞ்சவன்."

ஞாயிறு காலை பத்தரைக்குக் கார் வந்து நின்றது.

மங்கையர்க்கரசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. வெற்றிசெல்வன் போட்டோவைவிட நன்றாகத்தான் இருந்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் வேர்வை. தலை குனிந்தபடியே இருந்தான்.

"போனை உள்ள வைடா," என்றார் தாயார், பல்லுக்குள்.

காளியம்மாள் பலகாரம் எடுக்கிற சாக்கில் அடுப்பங்கரைக்கு ஓடினாள். பதினொன்றே முக்கால். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த போனை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். கூடத்துக்கு வந்து, "கேசரி எடுத்துக்கோங்க" என்றாள். திரும்பப் போய்ப் பார்த்தால் நூறு ரூபாய் ஏறியிருந்தது.

"பொண்ணுகிட்ட அஞ்சு நிமிஷம் தனியா பேசலாமா?" என்று வெற்றிசெல்வன் எழுந்தான்.

இருவரும் கொல்லைக்குப் போனார்கள். முடிந்தது, வேண்டாமென்று அவளிடமே சொல்லப்போகிறான் என்று காளியம்மாள் நினைத்தாள். சொல்லட்டும். அதற்காகப் பெயரை விட முடியாது. மணி பதினொன்று ஐம்பத்து நாலு. விரலை ஓங்கியபோது ஆர்த்தி அடுப்பங்கரைக்குள் வந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க.

"அழாதடி. இவன் இல்லன்னா இன்னொருத்தன்."

"அம்மா, முதல்ல கையை எடு. போனைக் கீழ வை."

"இன்னும் ஆறு நிமிஷம்தான்டி! அந்த நூறு ரூபாய்க்காரன்..."

"நூறு ரூபாய்க்காரரு கொல்லையில கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்துல நிக்கிறாரு."

காளியம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். மாப்பிள்ளை காக்கையை ஒரு கையால் விரட்டிக்கொண்டு மறு கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம தாள்ல விலாசத்தைப் பார்த்துத் திறந்திருக்காரு. அவங்க அம்மா பார்த்தா இந்தச் சம்பந்தம் நடக்காதுன்னு, விலாசம் இருந்த மூலையைக் கிழிச்சு முழுங்காத குறை. பேரை வாங்கிப் பழையபடி நெத்திலியைப் போட்டுட்டு, அப்புறமா உன்கிட்ட சொல்லலாம்னு இருந்திருக்காரு. 'யாரோ ஒரு மூர்க்கன் எதிர்ல ஏத்திக்கிட்டே இருக்கான்'னு என்கிட்ட புலம்புறாரு."

"மூர்க்கனா?"

"நீதாம்மா."

காளியம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஏலத்தை மனசார விட்டுக்கொடுத்தாள். பன்னிரண்டு அடித்தது. கொல்லையில் மாப்பிள்ளை கையை மேலே தூக்கி ஒரு குதி குதித்தான். காக்கைகள் பறந்தன. ஏலம் தெரிந்த மாப்பிள்ளை! துறையில் இவனை நிறுத்தினால் கூடை இறாலையும் இவன்தான் எடுப்பான்.

அப்படியானால் சம்பந்தியம்மாள் எதையும் பார்க்கவில்லை. காளியம்மாள் சூடாக வேறு காபி போட்டு, தலை நிமிர்ந்து கூடத்துக்கு வந்தாள்.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம்," என்றாள்.

மங்கையர்க்கரசி முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப சந்தோஷம். ஆடி பொறக்குறதுக்குள்ள முகூர்த்தம் வெச்சிடலாமா?"

"ஆடிக்கு இன்னும் பதினெட்டு நாள்தானே இருக்கு! ஆவணின்னு சொன்னவங்க, ஏன் சம்பந்தி இவ்வளவு அவசரம்?"

மங்கையர்க்கரசி கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். காளியம்மாளின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போய், தலைமையாசிரியைக் குரலைத் தணித்துக் காதோடு சொன்னார்:

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது சம்பந்தி. பையன் தங்கம்தான், ஆனா ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம, நாலு பொம்பளைங்க அரைத்துணியோட கெடக்குற ஒரு பக்கத்தையே தொறந்து வெச்சுக்கிட்டு, 'எனக்குத்தான் வேணும், எவனுக்கும் விட மாட்டேன்'னு தட்டிக்கிட்டே இருக்கான்... இவன் ஆவணி வரைக்கும் தாங்க மாட்டான்!"