முப்பத்தெட்டு டிகிரி சகலை

"பார்த்தியா உன் தங்கச்சி புருஷனை? இன்னிக்கும் முப்பத்தெட்டாம்!"

பல் தேய்த்த நுரையோடு, கைபேசியை ஆட்டிக்கொண்டு கத்தினார் நம்மவர்.

"அவருக்கு நாப்பத்திரண்டு ஆச்சே?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"வயசில்லடி! அவர் கம்ப்யூட்டரோட ப்ராசஸர் சூடு!"

சகலைகள் இருவருக்கும் ஒரே தொழில். இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தை, கட்டி முடித்ததுபோலவே கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது. நம்மவர் பத்து வருஷமாகச் செய்கிறார். சகலை போன வருஷம் இவரைப் பார்த்து இறங்கியவர். ஒரே கடையில் ஒரே பாகங்களை வாங்கி, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தங்கள் கையாலேயே பூட்டியிருந்தார்கள். அப்படியிருக்க, இங்கே எழுபத்தெட்டு டிகிரி கொதிக்கும்போது அங்கே மட்டும் எப்படி முப்பத்தெட்டு? அதிலும் ஒரு வார்த்தை எழுதாமல், அந்த எண்ணை மட்டும் தினமும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிற திமிர் இருக்கிறதே! பொறாமையில் நம்மவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எழுபத்தெட்டு ஒண்ணும் ஆபத்தில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அவர் படம் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி!"

"சாயங்காலத்துக்குள்ள ஓட்டல் படங்களைக் கொடுக்கணும். பிடிச்சா வருஷம் பூரா வேலை தர்றேன்னு அந்த முதலாளி சொல்லியிருக்கார். பேசாம வேலையைப் பாருங்க."

கேட்டால்தானே? ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்தார். சூட்டைக் குறைக்க ப்ராசஸர் மேல் தடவும் பசை பட்டாணி அளவு போதும் என்று உறையில் எழுதியிருந்தது. "கஞ்சப் பசங்க" என்று முழுக் குழாயையும் பிதுக்கி அப்பி, வேலையை மறுபடி ஓடவிட்டார்.

எண்பத்து நாலு.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேராக வைத்தார். அறையில் இருந்த தூசி, முடி, தலையணைப் பஞ்சு எல்லாம் உள்ளே போய்க் குடியேறின.

எண்பத்தொன்பது.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறீங்க" என்றாள் மனைவி.

பெட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போய், ஏசியைப் பதினாறில் வைத்தார். ஐந்தாவது நிமிடம் ஃப்யூஸ் போனது. பாதி முடிந்திருந்த ஓட்டல் படங்களும் கூடவே போயின.

ஃப்யூஸைப் போட்டு, பஞ்சை ஊதி, பசையைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பழையபடி எழுபத்தெட்டு. அந்த நேரம் பார்த்துச் சகலையின் அடுத்த படம் வந்தது. முப்பத்தேழு! கூடவே ஓட்டல் முதலாளியின் அழைப்பும் வந்தது.

"சார், படம் ரெடியா?"

"மன்னிச்சிடுங்க சார். உங்க வேலையைப் போட்டா மெஷின் சூடாகுது. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வருஷச் சோத்தை வாசலோட அனுப்பிட்டீங்களே!"

"சோறு பெரிசா, மானம் பெரிசா?"

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எண் இறங்கியது. ஐம்பத்தைந்து. நாற்பத்திரண்டு. முப்பத்தாறு!

படமெடுத்துக் குழுவில் போட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. சகலை மட்டும் எழுதினாரா என்ன?

ஒரே நிமிடத்தில் மைத்துனியிடமிருந்து அழைப்பு. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்னம்மா, பார்த்தீங்களா?"

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"பார்த்தோம் அத்தான். இவர்தான் எட்டு மாசமா ஒரு வேலையும் வராம, வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டு, மெஷின் ஆறிக் கிடக்கறதைப் பார்த்தாவது நீங்க ஏதாவது வேலை குடுப்பீங்கன்னு தினம் படம் போட்டுட்டிருந்தார்... ஐயோ, இப்ப உங்களுக்கும் வேலை நின்னு போச்சா?"