பருத்திக்காட்டில் கோஸ்டா ரிகா

பங்குனி மாதக் காலை, மணி ஆறு பத்து. காற்று அசையவில்லை, மேற்கு மலைமீது கருமேகம் கட்டியிருந்தது. பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில், தன் மானத்தைக் காத்துக்கொள்ளுமாறு அரசால் அழைக்கப்பெற்று முனீஸ்வரி நின்றாள். அவள் கேட்டதென்னவோ வண்டிப்பாதை மட்டுந்தான்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் வெள்ளைத்துரை அந்தப் பாதையைக் கம்பிவேலியால் அடைத்துவிட்டார். உள்ளே அவளுடைய பருத்தி வெடித்து நின்றது. மழைக்கு முன் வண்டி போயாக வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அங்கே அதிகாரி சிவக்குமாரோ அப்போதுதான் கோஸ்டா ரிகாவுக்குப் பயிற்சிப் பயணம் போய்த் திரும்பியிருந்தார். படையே வைத்துக்கொள்ளாத நாடு என்று உருகிப்போயிருந்தார். திரும்பும் விமானத்தில் பார்த்த படத்திலோ, மானம் புண்பட்ட இரு கனவான்கள் விடியற்காலையில் முதுகோடு முதுகாக நின்று, பத்து அடி நடந்து, திரும்பிச் சுட்டுக்கொண்டார்கள். இரண்டையும் இணைத்தால் எல்லைத் தகராறுகள் யாவும் ஒழியும் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

"வரைபடத்துலயே பாதை இருக்கு சார். அளந்து விட்டாப் போதும்" என்றாள் முனீஸ்வரி.

"அளந்தா ஒருத்தர் மனசு நோகும்மா. உலகத் தரத்துல தீர்ப்போம்."

அந்தப் படத்தில்போல இருவரும் மோத நாள் குறிக்கப்பட்டது. வெள்ளைத்துரை ஆவலோடு துப்பாக்கி எப்போது தருவார்கள் என்று விசாரித்தார். ராணுவமே இல்லாத நாட்டு முறையில் ஆயுதம் கூடாது என்று மறுக்கப்பட்டது.

"அப்ப யாரு செயிச்சதுன்னு எப்பிடி சார் தெரியும்?" என்றார் வெள்ளைத்துரை.

சிவக்குமார் விளக்கினார். ஒற்றைப் போர் மானத்தின் பொருட்டு நடப்பது. ஆகவே, திரும்பி எதிரியை நோக்குகையில் எவர் முதலில் வெட்கப்படுகிறாரோ அவரே தோற்றவர்.

குறித்த அந்தக் காலையில், எவருக்கும் காயம்பட வழியில்லாத அப்போருக்கு ஆம்புலன்ஸ் வந்திருந்தது. நில அளவையரும் வந்து, பத்து அடியைப் பிசகாமல் அளந்து கொடுத்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார். பந்தல் சாமான் ஏற்றிய டிராக்டருக்காக வேலி அவிழ்க்கப்பட்டது. அது அந்தப் பாதையில் சுகமாகப் போய்த் திரும்பியதும், மறுபடி கட்டப்பட்டது.

இருவரும் நடந்தார்கள்; திரும்பினார்கள்.

"அண்ணே, இது பாதைதான்னு ஒங்களுக்கே தெரியும்ல?"

"தெரியும் தாயி. அதுக்கு எதுக்கு வெக்கப்படணும்?"

நண்பகல்வரை காத்திருந்தார்கள். மழை கொட்டியது. எல்லாரும் பந்தலுக்குள் ஒண்டிக்கொண்டு பருத்தி நனைவதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நனையாத இடத்தில் நின்று சிவக்குமார் ஆணையை வாசித்தார்: "போட்டியாளர், அலுவலர், பொதுமக்கள் ஆகிய எவரிடத்தும் வெட்கம் தென்படாமையால், தற்போதைய நிலையே தொடரும்."

மறுநாள் காலை, வெள்ளைத்துரை வேலிக்கு இன்னொரு கம்பி இழுத்தார். சிவக்குமார் பாராட்டுச் சான்றிதழ் வாங்க மதுரைக்குப் போனார். அளவையர் பசுமலைப் பக்கம் வேறொரு பத்து அடியை அளந்தார். ஊரார் தத்தம் பங்காளிகளோடு போர் கேட்டு அலுவலக வாசலில் வரிசை கட்டினார்கள். முனீஸ்வரி, நனைந்த பருத்தியை வேலியோரம் சேலை விரித்து உலரப் போட்டுவிட்டு, கிணற்றுப் பங்குக்காக ஓரகத்தியோடு மோத மனு எழுதிக்கொண்டு, அதே வரிசையில் போய் நின்றாள்.