தந்தை கதறல்

"அந்த டிவியை அணைச்சுத் தொலை! நம்ம பொண்ணு இருக்கிற ஊர்ல ஒரு சண்டையும் இல்லையாம். காலையில கூடப் பேசினாளே!" என்றார் தையற்காரர்.

"உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவா."

பித்தான் தைக்க எடுத்த சட்டை மனைவியின் மடியிலேயே கிடந்தது. திரையில், மகள் மருத்துவம் படிக்கும் நாடு முழுவதற்கும் சிவப்புப் பூசியிருந்தார்கள். சண்டை நடப்பதோ எல்லையில். மகள் இருக்கும் ஊர் அங்கிருந்து ஒரு நாள் ரயில் தூரம். அடுத்த வாரம் கடைசித் தேர்வு. எழுதாமல் வந்தால் இத்தனை வருடப் படிப்பும் பாழ். மனைவியோ, படிப்பு கிடக்கட்டும், பிள்ளை வந்தால் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தையற்காரர் மகளை வீடியோவில் அழைத்தார். அவள் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினாள். ஒருவர் நாயோடு போய்க்கொண்டிருந்தார்.

"ஐயோ பாவம், வளர்த்த நாயையும் கூட்டிக்கிட்டு ஓடுறாரே!" என்றாள் மனைவி.

"அம்மா, அவர் வாக்கிங் போறாரு! டிவியை நம்பாதீங்கம்மா. பரீட்சை முடிஞ்சதும் வந்துடறேன்."

தையற்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. திரையில் ஓடிய எண்ணுக்குப் போன் போட்டார்.

"அங்கே எல்லையைத் தவிர மத்த ஊரெல்லாம் அமைதியா இருக்குன்னு ஒரு வரி போடுங்கய்யா. என் பொண்ணே அங்கதான் இருக்கா."

"பொண்ணு அங்கேயா?" மறுமுனையில் குரல் குழைந்தது. "லைன்லயே இருங்க சார்."

அடுத்த நிமிடம் அவர் நேரலையில் இருந்தார்.

"சொல்லுங்க ஐயா, மகள் எப்படிச் சிக்கிக்கிட்டாங்க?"

"சிக்கலைங்க. நல்லா சாப்பிட்டு, படிச்சுக்கிட்டு..."

"சாப்பாடு கிடைக்குதா?"

"அதுக்கென்ன குறைச்சல்? நேத்து சமைக்கச் சோம்பல்பட்டு வெறும் ரொட்டி தின்னிருக்கா, அவ்வளவுதான்."

கீழே எழுத்து ஓடியது: 'வெறும் ரொட்டியில் உயிர் பிழைக்கும் மாணவி! தந்தை கதறல்!'

"நான் எங்கேய்யா கதறினேன்?" என்று கத்தினார் தையற்காரர். அந்தக் கத்தலை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

வாசலில் செருப்புகள் குவிந்தன. பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தவர், "ஒண்ணும் அவசரமில்லைண்ணே, மனசு தேறினதும் தைங்க" என்று தோளைத் தட்டினார். பின்னாலேயே கேமரா வண்டி வந்து நின்றது.

"இதுவும் நல்லதுதான். நேருக்கு நேர் உண்மையைச் சொல்லிடலாம், வா."

மனைவியைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தார். கூட்டத்தின் புழுக்கத்தில் அவள் மயங்கிச் சரிந்தாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட, கேமராவும் கூடவே ஓடியது.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தாள். டீ குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். 'மாணவியின் தாய் கவலைக்கிடம்!'

"அடப்பாவிகளா! குத்துக்கல்லாட்டம் உக்காந்து டீ குடிக்கிறேன், நான் கவலைக்கிடமா?" தம்ளரை டொக்கென்று வைத்தாள். "அப்போ இத்தனை நாளா சொன்னதும் இப்படித்தானா? அவ அங்கேயே இருந்து பரீட்சையை எழுதட்டுங்க."

தையற்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிவியை அவளே அணைத்தாள். கூட்டம் கலைந்தது. மாலையில், நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டை அவர் மெஷினில் வைத்தபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா நல்லா இருக்காங்கன்னு பொய் சொல்லாதீங்கப்பா, நான் டிவியிலயே பாத்துட்டேன்... விமானம் ஏறிட்டேன்."